மக்ரூனுக்குக் கண் வைத்தவள்

படம் வரைந்து பிழைக்கிறவர்களுக்குக் கை வலி வருவது எப்போதாவதுதான்; “ஒரே ஒரு சின்ன மாற்றம்” என்று போன் வரும்போது நெஞ்சு படபடப்பது தினமும் உண்டு. உங்களில் யாராவது வீட்டிலிருந்தே படம் போட்டு, அதை ஆடவும் ஓடவும் வைத்து வயிறு வளர்ப்பவராக இருந்தால், பக்கத்தில் உட்காருங்கள். நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

வீடு கிடைத்த விதம்

சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து வாடகை வீடு தேடிய நேரம். வீட்டுக்கார அண்ணாச்சி என்ன வேலை என்று கேட்டார். அனிமேஷன் என்றேன். எந்தக் கம்பெனி என்றார். கம்பெனி இல்லை, நானேதான் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, லேப்டாப்பைத் திறந்து நான் செய்திருந்த ஒரு மீனை நீந்தவிட்டேன். அது வாலை ஆட்டித் திரும்பிப் பார்க்கிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியையும் கூப்பிட்டுக் காட்டினார். சாவி கைக்கு வந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். “கம்ப்யூட்டர்ல கார்ட்டூன் பாக்குற வேலை. வீட்டுலயே உக்காந்து பாக்குதாவ.”

கடிக்க முடியாத இனிப்பு

எங்கள் தெருமுனை பேக்கரி அண்ணாச்சி தன் கடை மக்ரூனுக்கு, அந்தக் கூம்பு வடிவ முந்திரி இனிப்புக்கு, ஒரு சின்ன விளம்பரம் கேட்டார். வாட்ஸ்அப்பில் போடுவதற்கு. நான் ஒரு மக்ரூனுக்குப் பெரிய கண்ணும் சிரித்த வாயும் வைத்து, கூம்புத் தலையை ஆட்டி ஆடவிட்டேன். அண்ணாச்சி பத்துத் தடவை பார்த்தார். பேத்திக்கும் காட்டினார். அதிலிருந்து அந்தப் பிள்ளை மக்ரூனைத் தொட மாட்டேன் என்று அழுகிறதாம். கண்ணும் வாயும் இருக்கிறதை எப்படிக் கடிப்பது என்று கேட்டிருக்கிறது.

கண்ணை எடுத்துவிட்டேன். அதைப் பார்த்து அண்ணாச்சிக்கே மனசு கேட்கவில்லை. குருடாக நிற்கிற மாதிரி இருக்கிறதென்றார். இரண்டு நாள் அவரும் நானும் இதே கவலையாக இருந்தோம். மூன்றாம் நாள், மக்ரூன் போட்டுக் கொடுக்கிற அட்டை டப்பாவுக்குக் கண்ணை மாற்றி, அதை ஆடவிட்டு அனுப்பினேன். உடனே போன் வந்தது. “இது சரி தங்கச்சி. டப்பாவ யாரும் கடிக்க மாட்டாவல்லா.”

நீலக் கடல்

வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று குழந்தைகளுக்கு முத்துக்குளிப்பைப் பற்றிப் படப் புத்தகம் போட என்னை வரையச் சொன்னது. நான் விசாரித்தேன். முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகிவிட்டதால், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்து கேட்டேன். கலங்கல் நாளில் தன் கையே தனக்குத் தெரியாது, தடவித்தான் எடுப்போம் என்றார். சிப்பியும் பாசி படிந்து பழைய செருப்பு மாதிரி இருக்கும் என்றார். அப்படியே சாம்பல் பச்சையில் வரைந்து அனுப்பினேன்.

எடிட்டர் அம்மா நல்ல மனுஷி. குரலே உயர்த்த மாட்டார். நான் கடலுக்கு அடியில் வெளிச்சம் குறைவதைப் பற்றி முக்கால் மணி நேரம் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “புரியுதும்மா, கலங்கலாவே இருக்கட்டும். அந்தக் கலங்கல் மட்டும் கொஞ்சம் நீலமா இருக்கலாமா?”

கீழவைப்பாரில் சிரித்தார்கள்

மீனவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற அமைப்பு ஒன்றுக்காக இரண்டு நிமிடப் படம் செய்தேன். நடுக்கடலில் வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோகிறது, லைஃப் ஜாக்கெட் போட்டவர்கள் பிழைக்கிறார்கள். கடலோரக் கிராமமான கீழவைப்பாரில், கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். முதல் அலை வந்ததுமே கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. சிரிப்பு கடைசி வரை நிற்கவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் ஆட்கள் சிரித்தால் அந்தப் படம் செத்த மாதிரி. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெளியே வந்து, சிரித்தவர்களிலேயே அதிகம் சிரித்த ஜெபமாலை அண்ணனிடம் போய் என்ன தப்பு என்று கேட்டேன். சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். சொன்னால் விளங்காது, வந்து பார் என்றார். மறுநாள் விடியற்காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். கரை மறைவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அவர் எஞ்சினை நிறுத்தினார். வள்ளம் மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு உருள ஆரம்பித்தது. என் படத்தில் அது பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ் மாதிரி நின்றது. இரண்டு பேர் எழுந்து நின்று கையை வேறு ஆட்டினார்கள். இங்கே எழுந்து நிற்கப் பார்த்தேன், உடனே பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் எல்லாரும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று தேடினேன். வலை இழுக்கிற வரை அண்ணன் அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

திரும்பி வந்து முழுசாக மாற்றி வரைந்தேன். ஒருவன் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். வள்ளம் உருள்கிறது. கடைசியில் ஜாக்கெட் மட்டும் தனியாக மிதந்து வருகிறது. அதே மண்டபத்தில் போட்டோம். யாரும் சிரிக்கவில்லை. ஜெபமாலை அண்ணன் என்னிடம் பேசாமலே போய்விட்டார். மனசு நோகிற மாதிரி செய்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு வாரம் உறுத்தலாகவே இருந்தது. பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். “தங்கச்சி, வள்ளத்துக்குன்னு ஒரு தலவாணி வாங்கிட்டேன்.”

அப்பா சிரித்தது

எங்கள் தெரு முத்துலட்சுமி அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் இறந்து நாலு வருஷம் கழித்து மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. அழைப்பு வீடியோவில் அப்பா மகளை ஸ்கூட்டரில் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிற மாதிரி வேண்டும், அவர் சிரிக்கவும் வேண்டும் என்றார்கள். கிடைத்தது ஒரு அடையாள அட்டைப் படம்தான். அதில் ஆள் கல் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். நானாக ஒரு சிரிப்பை வரைந்து கொண்டுபோனேன். அக்கா பார்த்துவிட்டு இது அவர் இல்லை என்று அமைதியாகச் சொன்னார். எப்படிச் சிரிப்பார் என்று கேட்டேன். அக்கா திரும்பி மகளைப் பார்த்தார்.

அந்த மகள் எழுந்து நடுவீட்டில் நின்றாள். கண்ணை இறுக மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, சத்தமே இல்லாமல் தோளை மட்டும் குலுக்கினாள். அக்கா, “அப்படியே அவர்தான்” என்று சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். நான் அவளை மறுபடி செய்யச் சொல்லி, அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய், அசைவு அசைவாக வரைந்தேன்.

முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது அக்கா மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை திரையைக் கையால் தொட்டார். “சட்டைல மேல் பொத்தான் போட்டிருக்கியே தங்கச்சி, அவரு ஒருநாளும் போட்டது கிடையாது. அத மட்டும் கழத்தி விடு, காத்து படட்டும்.”

பன்னிரண்டு வருஷமாகப் படம் வரைகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உள்ளதைச் சொன்னால், வரைகிறவர்கள் இந்த அண்ணாச்சியும் அண்ணனும் அக்காவும்தான், நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கூட இருக்கிறேன், அவ்வளவுதான்.