எண்ணெய் வைக்காத தலை

கட்டிக்கொடுத்த மகள் நேற்று மாலை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பையோடு வந்து நின்றாள். தலை காய்ந்து பறந்துகொண்டிருந்தது. உள்ளே போய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகக் கை வரவில்லை.

என் சின்ன வயதில் நாங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தோம். நான் இரண்டாம் வகுப்பு. மிஸ் பிளாஸ்டிக் சீப்பால் தன் தலையை வாரிவிட்டு, அதைக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். அவை துள்ளி ஒட்டிக்கொண்டன. சீப்பில் கரண்ட் இருக்கிறதாம். வீட்டிலும் செய்து பார்க்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் கரண்ட் வரவில்லை. எல்லார் தலையிலும் தேங்காயெண்ணெய் வழிய வைத்துத்தான் அம்மா வெளியே விடுவாள். என் தலை, அக்கா தலை, அப்பா தலை என்று வாரிப் பார்த்தேன். சீப்புதான் பிசுபிசுத்தது.

"நம்ம வீட்டு மண்டைங்கள்ல ஒண்ணும் இல்லடி," என்று அக்கா சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

மிச்சம் சித்தி, அம்மாவின் தங்கை. சித்தப்பா இல்லாமல் ஓசூரிலிருந்து தனியாக வந்து, சில நாளாக மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக்கூடத் தலையில் கைவைக்க விடவில்லை. நான் கெஞ்சவும் குனிந்தாள்.

வாரிய சீப்பை நீட்டியதும் காகிதங்கள் பறந்து வந்து ஒட்டின! கத்திக்கொண்டே மறுபடி வாரினேன். காதுக்கு மேலே சீப்பு பட்டதும் சித்தி துடித்துப்போனாள்.

"கரண்ட் அடிச்சிடுச்சா சித்தி?"

"ஆமாடி கண்ணு. கொஞ்சம்."

அம்மா வந்து முடியை விலக்கிப் பார்த்தாள். அந்த இடம் கன்றி வீங்கியிருந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். "காலையில கொண்டுபோய் விட்டுட்டு, அவர்கிட்ட பேசிட்டு வரேன்," என்றார். மிஸ்ஸுக்குக் கரண்ட் அடிக்கவில்லையே, சித்திக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன்.

காலையில் அம்மா சித்திக்கு எண்ணெய் வைத்து, படியப் படிய வாரி, பூ வைத்துவிட்டாள். அப்பா பையோடு வாசலில் நின்றார். நான் சீப்போடு ஓடிப்போய்க் கடைசியாக ஒருமுறை வாரிப் பார்த்தேன். ஒரு துணுக்குகூட அசையவில்லை.

"கரண்ட் போயிடுச்சு சித்தி. இனிமே வலிக்காது," என்றேன் சந்தோஷமாக.

சித்தி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவ்வளவு எண்ணெய் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.