மாமியின் திதி

ஜெர்மனியில் மார்க் நாணயம் போய் யூரோ வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். கெல்சென்கிர்ச்சனிலிருந்து எங்கள் தமிழ்ச் சங்கத்தாரோடு பஸ் பிடித்து வடக்கே ஒரு துறைமுக நகரத்துக்குச் சுற்றுலா போனோம். பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போன ஆங்கிலேயரைப் பற்றி அங்கே ஒரு கண்காட்சி. அவர்கள் நெருக்கியடித்துப் படுத்த பலகைத் தட்டுகளைப் பார்த்தபடி போனோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கடிதம் ஒன்று இருந்தது.

"மாஸ்டர், வாசிச்சுச் சொல்லுங்கோ. உங்கட இங்கிலிஷ் இஞ்சயாவது உதவட்டும்" என்றாள் மனைவி. ஊரில் நான் ஆங்கில ஆசிரியன். இங்கே வந்து உணவகத்தில் பாத்திரம் கழுவி ஓய்வுபெற்றவன்.

மகளோடு முன்னே போன நெசவாளி ஒருவன், பின்னால் வரவிருந்த மனைவிக்கு எழுதிய கடிதம் அது. பயணத்தின் நான்காம் வாரம் காய்ச்சலில் குழந்தை இறந்துவிட்டது. பாய்த்துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். கரையிறங்கியதும் அனுப்பிய முந்தைய கடிதங்களில் குழந்தை சுகம் என்று எழுதியதெல்லாம் பொய் என்றிருந்தான்.

"பிள்ளை சுகமாப் போய்ச் சேர்ந்திட்டுதாம்" என்றேன்.

மனைவி கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து, டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் மொழியை என்னைவிட நன்றாகப் படித்தவள்.

"கீழ டொச்சிலயும் போட்டிருக்கு. பிள்ளையைக் கடலில விட்டிட்டினம். ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன் என்றேன்.

"தாங்குவனோ மாட்டனோ எண்டு நானெல்லோ சொல்லவேணும்."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதிருந்த காலத்தில் ஊரில் மாமி, இவளுடைய அம்மா, இறந்துபோனார். மனைவி ஒரே பிள்ளை. கொள்ளி வைத்த அயலவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். தெரிந்தால் இவள் புறப்பட்டுவிடுவாள், போனால் திரும்ப முடியாது என்று பயந்து கடிதத்தைக் கிழித்தெறிந்தேன். ஐந்து மாதம் மறைத்தேன். அம்மாவின் சுகத்துக்காக அவள் வெள்ளிக்கிழமைதோறும் விரதம் இருந்தாள், பார்த்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு, முந்தின நாள்தான் இறந்ததாகச் சொன்னேன். அந்த நாளிலிருந்து எண்ணி முப்பத்தோராம் நாள் சடங்கு செய்தாள். ஆண்டுதோறும் நான் சொன்ன பொய்த் திதியில்தான் சமைத்துப் படைத்தாள்.

அவள் அழவில்லை. ஒரே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப, அம்மான்ர திதி எது?"

கடிதத்தில் இருந்தது. நான் அதை மனதில் வாங்கவே இல்லை. வளர்பிறையா தேய்பிறையா என்றுகூடத் தெரியாது. அந்த அயலவரும் இடம்பெயர்ந்த வழியில் செத்துப்போனார். கேட்க வேறு ஆளில்லை.

"தெரியாது" என்றேன்.

அவள் போய் பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டாள்.

அந்த ஆண்டு திதிச் சமையல் இல்லை. அதன் பிறகும் இல்லை. தாயை இழந்த எல்லோருக்கும் பொதுவான சித்திரா பௌர்ணமி விரதத்தை மட்டும் பிடிக்கிறாள். முன்பெல்லாம் படைத்து முடிந்ததும் சோறும் கறிகளும் குழைத்து முதல் பிடியை என் கையில் தருவாள். இப்போது பௌர்ணமியன்று படைத்ததும் என் பங்கை மூடி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள்.