தன்னையே வெளியே பூட்டிக்கொண்டவர்

ஆரியசாலையில் உள்ள எங்கள் அரிசிக் கடைக் கம்ப்யூட்டருக்கு வயர், வைஃபை இரண்டின் இன்டர்நெட் செட்டிங்கையும், நெட்வொர்க் பார்க்கும் மலையாளி ஒருவர் ஊரின் மறுகோடியான கழக்கூட்டத்தில் இருந்தபடியே சரிசெய்தார். யாரும் தொடாமலே திரையில் எழுத்து ஓடியது. சட்டென்று எல்லாம் நின்றது. பில் வரவில்லை, சரக்கு ஏற்றிய லாரி காத்து நின்றது.

கடைசியில் அவரே ஸ்கூட்டரில் வேர்க்க வந்து இறங்கினார். நரைத்த தாடி. ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துக்கொண்டே தட்டினார்.

"யாருய்யா கெடுத்தது?" என்றேன்.

"ஞான் தன்னே அம்மா. உங்க வயர் வழியா உள்ள வந்து, அதே வயரோட செட்டிங் ஃபைல்ல ஒரு நம்பரைத் தப்பாப் போட்டேன். என்னையே வெளிய பூட்டிட்டேன்."

கடை நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர் குரல் இறங்கவில்லை. நம்பரைத் திருத்தியதும் பில் வந்தது.

எடை குறைந்தால் தராசைத் திட்டும் தெரு எங்களுடையது. லாரி போன பிறகு, தன் தப்பைத் தானே சொன்ன அந்த மனுஷனுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.