மாவிலையப் பாத்து வீடு புடிச்ச அக்கா

அக்கா போயி ஒரு வருஷம் ஆயிருச்சு. திதிக்கு வர்ற சொந்தக்காரங்க, கூட்டாளிங்க கையில குடுக்க ஒரு நினைவு மலர் போடணும், சின்னம்மா நீங்கதான் எழுதணும்னு அக்கா மகன் வந்து நின்னான். “நாலு பேரு படிக்கிறது, மரியாதையா எழுதுங்க”ன்னு வேற சொல்லிட்டுப் போனான். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாவதோட எறங்குனவ. அக்கா உசுரோட இருந்த வரைக்கும் ‘அக்கா வந்துச்சு, அக்கா போச்சு’ன்னுதான் பேசியிருக்கேன். இப்பப் போயி ‘வந்தார்கள், சென்றார்கள்’னு எழுதுனா, எவளையோ பத்தி எழுதியிருக்கான்னு அக்காவே பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிரும். அதனால பேசுற மாதிரியே எழுதறேன். அட்டைப் படத்துல அக்கா மொறைக்கிற மாதிரி இருக்கும். மொறைப்பு இல்ல, கண்ணாடியக் கழட்டிட்டு புடிச்ச போட்டோ.

அக்கா பொறந்தது ஜாசின் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல, கூலிக்காரங்க வரிசை வீடான லயத்துல. நானும் அதே லயத்துல, அதே பாயில பொறந்தவதான். எங்கம்மா சப்பான்காரன் காலத்துல காய்ச்சல்ல போயிட்டாங்க. அக்காவுக்கே அப்ப ஒருத்தர் பேன் பாக்கணும். ஆனா அதுதான் எனக்குப் பேன் பாத்துச்சு. மரவள்ளிக்கெழங்க அவிச்சு, பெரிய துண்ட எனக்கு வெச்சுட்டு, “எனக்குக் கெழங்கே ஆவாதுடி”ன்னு சொல்லும். நானும் நம்பித் தின்னேன். டவுனுக்கு வந்ததுக்கப்புறம் அக்கா கெழங்கு தின்ன அழகப் பாத்துதான் எனக்கு வெவரம் புரிஞ்சுச்சு. பொய் சொல்றப்ப அக்காவுக்கு மூஞ்சி அசையாது. இத ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வேணும்.

பாவாடை கட்டுற வயசுலயே அக்கா அப்பாவோட பால்மரம் வெட்டி ரப்பர் பாலு எடுக்கப் போயிருச்சு. என்னை வெயில்ல விடல. வளத்து, பக்கத்துத் தோட்டத்துல கட்டியும் குடுத்தாங்க. மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு குடும்பம் இருந்துச்சு. அது அவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். எனக்குத் தெரியறப்ப வயித்துல புள்ள. டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டு லயத்துக்கே திரும்பி வந்துட்டேன்.

தண்ணிக் குழாயடியில ஒவ்வொருத்தியும் கேப்பா. “என்னடி, மாப்பிள்ளை எப்ப வந்து கூட்டிட்டுப் போவாரு?” எல்லாருக்கும் பதில் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறது. கேட்டுட்டு வயித்தப் பாக்கறது. நான் மொதல்ல குழாயடிக்குப் போறத விட்டேன். அப்புறம் வாசலுக்கு வர்றத விட்டேன். வாய் ஓயாத கழுதை நான், பேச்சையும் விட்டேன். கடைசில சோத்தையும் விட ஆரம்பிச்சேன். அக்கா பாத்துக்கிட்டே இருந்துச்சு.

மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், கெடச்ச சமயம். ஊரெல்லாம் கொடி. எங்க தோட்டத்து வெள்ளக்காரன் தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டுக் கப்பலேறிட்டான். வாங்குனவங்க லயத்தக் காலி பண்ணச் சொன்னாங்க. நாட்டுக்கு வீடு கெடச்ச நேரத்துல எங்களுக்கு இருந்த வீடு போச்சு. மலாக்கா டவுன்ல ஆத்தோரம் ஒரு சரக்குக் கிட்டங்கியில அப்பாவுக்குக் காவக்கார வேல கெடச்சுச்சு. இனி டவுன்ல வீடு பாக்கணும். அப்பா மனசுல டவுனுக்கு வெளிய இருக்கிற செமாபோக்குதான். எங்க தோட்டத்து சனம் பாதி முன்னாடியே அங்க போயிருச்சு, வாடகையும் கொறச்சல்.

“பெரியவளே, அங்க நம்மாளுங்க இருக்காங்க. அவசரத்துக்கு ஒரு படி அரிசி கேக்கலாம்”னாரு.

“கேக்கலாம்ப்பா. நீங்க வேலைக்கு எப்படிப் போவீங்க?”

“பஸ்ஸுல போறேன்.”

“தெனமும் பஸ்ஸுல போனா அந்த ஒரு படி அரிசியக் கேட்டுத்தான் ஆகணும்.”

அப்பா வெத்தலைய எடுத்து மடிக்க ஆரம்பிச்சாரு.

வேல இல்லாத நாள்ல அக்கா பஸ் ஏறி டவுனுக்குப் போயிரும். வீடு பாக்கப் போறவ வீட்டத்தான பாப்பா? அக்கா அப்படிப் பாக்கல. ஒரு வாட்டி என்னையும் இழுத்துட்டுப் போச்சு. தெங்கேராவுல கடல் பக்கமா ஒரு பலகை வீடு. வாடகையக் கேட்டதும் எனக்கு அங்கேயே பாய விரிச்சுப் படுக்கலாம்னு இருந்துச்சு. அக்கா உள்ளயே போகல. வெளிய நின்னு தூணத் தடவிப் பாத்துச்சு. முட்டி ஒயரத்துக்கு உப்பு வெள்ளையாப் பூத்திருந்துச்சு.

“கடலு மாசத்துக்கு ரெண்டு வாட்டி உள்ள வந்து தனியா வாடகை கேக்கும்டி”ன்னுட்டு நடந்துருச்சு.

மழ பேஞ்சா மத்தவங்க ஒதுங்குவாங்க. அக்கா அப்பத்தான் கொடையப் புடிச்சுக்கிட்டு சாக்கடை பாக்கக் கெளம்பும். தண்ணி எங்க நிக்குது, எங்க ஓடுது. எந்தத் தெருக் கடையில ரொட்டி காலையிலேயே தீருது, எந்தக் கடையில சாயங்காலம் வரைக்கும் ஈ மொய்க்குது. பொழுது சாயறப்ப புள்ளைங்கள வீட்டுக்குள்ள கூப்புடறவங்க என்ன சொல்லித் திட்டிக் கூப்புடறாங்க. இதெல்லாம் கேட்டுட்டு வந்து சோறு ஆக்கிக்கிட்டே சொல்லும். தோட்டத்த விட்டு வெளிய போகாத ஒரு பொண்ணுக்கு ஒரு டவுன இப்படிப் பிரிச்சுப் பாக்க யாரு சொல்லிக் குடுத்தான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

ஒரு நாள் வந்து, “காஜா பெராங்குல ஒரு வீடு பாத்திருக்கேன்”னுச்சு.

“கோவக்கார யானைன்னு அர்த்தம்”னாரு அப்பா. “மனுசன் குடியிருக்கிற எடத்துக்கு வெக்கிற பேரா இது?”

“யானை காலி பண்ணிட்டுப் போயிருச்சுப்பா.”

“வாடகை?”

“செமாபோக்க விடக் கொஞ்சம் கூடத்தான். ஆனா நீங்க வேலைக்கு நடந்தே போயிரலாம். மேட்டு நெலம், தண்ணி நிக்காது. கெணறு வாசல்லயே இருக்கு.”

“நம்ம சனம் இருக்கா? அதச் சொல்லு.”

“தெரு பூரா வாசல்ல மாவிலை தொங்குதுப்பா. வீட்டுக்கு வீடு சாமி மாடம். நெத்தி நெறையத் திருநீறு. கோயிலு கூப்புடு தூரம்.”

அப்பா மொகம் மலந்துருச்சு. நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன். நம்ம சனம் இருந்தா நம்ம சனத்தோட வாயும் கூடவே இருக்குமே. அன்னிக்கு அக்கா மேல எனக்கு வந்த கோவம் அந்த யானைக்குக்கூட வந்திருக்காது.

லாரியில சட்டி பானை, ரெண்டு கோழி, அப்பா, நாங்கன்னு வந்து எறங்குனோம். மறுநாள் காலையில கெணத்தடிக்குப் போகணும். ராத்திரி பூரா ஒரு பொய்ய மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன், வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல வேல செய்யிறாருன்னு. கெணத்தடியில ஒரு அம்மா நின்னாங்க. மலாய்க்காரங்க மாதிரி சாரோங் கெபாயா கட்டி, கொண்டை போட்டு, நெத்தியில பட்டையாத் திருநீறு. பக்கத்து வீட்டுக்காரங்க, எங்களுக்கு வீட்ட வாடகைக்கு விட்டதும் அவங்கதான். கேக்கப் போறாங்கன்னு நான் தொண்டையச் சரி பண்ணிக்கிட்டேன். அவங்க வாயத் தொறந்தாங்க. வந்ததெல்லாம் மலாய். எம் பொய் பூரா வீணாப் போச்சு.

அவங்கள்லாம் மலாக்கா செட்டிங்க. வட்டிக்கடைச் செட்டியாருங்க வேற, இவங்க வேற. எத்தனையோ தலமொறைக்கு முன்னால வந்து தங்குனவங்க. சாமி நம்ம சாமி, பொங்கல் நம்ம பொங்கல், பேச்சு மட்டும் மலாய் பேச்சு. அப்பா தெருவச் சுத்திட்டு வந்து, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நின்னாரு.

“ஒவ்வொரு வாசல்லயும் நின்னு வணக்கம் சொன்னேன். ஒருத்தருக்கும் தமிழ் வரல. மாவிலையப் பாத்து வீடு புடிச்சிருக்கா பாரு, மகாராணி.”

“எனக்கு எப்படிப்பா தெரியும்? மாவிலை பேசுமா?”ன்னுச்சு அக்கா. மூஞ்சி அசையல.

அதுலேருந்து எங்க வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாத்துலயும் அப்பா இந்தக் கதையச் சொல்லுவாரு. இத வாசிக்கிற நீங்களும் கேட்டுச் சிரிச்சிருப்பீங்க. அக்காவும் கூடச் சேந்து சிரிக்கும்.

அந்தப் பக்கத்து வீட்டம்மாவ நாங்க மக்சிக்னு கூப்புடுவோம், மலாய்ல அத்தை மாதிரி. மறு வாரமே என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி அவங்க வீட்டு அம்மிக்கு முன்னால உக்கார வெச்சாங்க. நான் அரைச்சேன். தெருப் பொம்பளைங்க வந்து சுத்தி உக்காந்து என்னென்னமோ கேப்பாங்க. குழாயடியில கேட்டதத்தான் மலாய்ல கேக்கறாங்கன்னு நெனச்சு நான் சிரிச்சு வெப்பேன். மலாய் எனக்கு மொளகாய்லதான் ஆரம்பிச்சுச்சு. அப்புறம் மல்லி, சீரகம். எம் மக பொறந்து தவழ ஆரம்பிக்கிறப்பதான் அவங்க கேட்டதெல்லாம் என்னன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. சாப்புட்டியா, இடுப்பு வலிக்குதா, மாங்கா வேணுமா. அவ்வளவுதான். ஒருத்தர்கூட எம் புருசனப் பத்திக் கேட்டதே இல்ல. எங்கிட்டேருந்து போன பேச்செல்லாம் திரும்பி வந்துருச்சு, மலாய்ல. இன்னிக்கு வரைக்கும் நிக்கல.

எம் மக பள்ளிக்கூடம் சேந்த வருஷம், பொங்கலன்னிக்கு அப்பா அரைகொற மலாய்ல மக்சிக்கிட்ட மாவிலைக் கதையச் சொன்னாரு. மக்சிக் சிரிக்கல. முழிச்சுட்டு அக்காவப் பாத்தாங்க. அக்கா லேசாத் தலைய ஆட்டுச்சு, வேணாம்னு. நான் பாத்துட்டேன். அப்பா அந்தப் பக்கம் போனதும் அம்மிக்கிட்ட உக்காந்து மக்சிக்கக் கொடஞ்சேன்.

“உங்கக்காவா தெரியாம வந்தா?”ன்னாங்க. “வீடு கேட்டு வந்தன்னிக்கே அரைகொற மலாய்ல கேட்டா, இந்தத் தெருவுல தமிழ் பேசறவங்க இருக்காங்களான்னு. பாவம், தொணைக்கு ஆளு தேடுறான்னு நெனச்சு, ஒருத்தரும் இல்லியேம்மான்னு வருத்தமாச் சொன்னேன். அவ மொகத்துல அப்பத்தான் சிரிப்பே வந்துச்சு.”

நான் அரைக்கிறத நிறுத்திட்டேன்.

“மறுபடி வந்தா. உக்காந்து உன் கதையச் சொன்னா. என் தங்கச்சி வயித்துப் புள்ளையோட வரப் போறா, புருசன் கெடையாது. இதப் பத்திப் பேசறதுக்கு இந்தத் தெருவுல யாருக்காச்சும் ஆச இருந்தா இப்பவே சொல்லிருங்க, நான் வேற வீடு பாத்துக்கறேன்னா. நான் வீடு வீடாப் போயிக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க மக்சிக்?”

“என்னத்தச் சொல்ல? அவளுக்கு அம்மி அரைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க.”

கை பூரா மொளகாயோட எந்திரிச்சு வீட்டுக்குப் போனேன். அக்கா மறுநாள் விக்கிறதுக்கு இடியாப்ப மாவு பெசைஞ்சுக்கிட்டிருந்துச்சு. வந்த நாள்லேருந்து அந்தத் தெருவுக்கு இடியாப்பம் அக்கா கை இடியாப்பம்தான். கண்ணத் தொடச்சிருந்தா செத்தேன், அதனால தொடைக்காமலே கேட்டேன்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“எல்லாருக்கும் தெரியும்னு சொல்லியிருந்தா இந்தத் தெருவுலயும் தலையக் குனிஞ்சுக்கிட்டே நடந்திருப்ப.”

“அப்பா இத்தன வருசமாக் கேலி பண்றாரே, அவருகிட்டயாவது சொல்லலாம்ல?”

“நம்ம சனம் இல்லேன்னு சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டாரு. இப்பச் சொல்லி என்ன ஆவப் போவுது? அம்மா போனதுக்கப்புறம் அவரு வாய்விட்டுச் சிரிச்சது அந்த மாவிலைக் கதையிலதான். அதையும் நான் புடுங்கணுமா? போ, போயிக் கையக் கழுவு.”

அன்னிக்கு அக்காவ நான் அண்ணாந்து பாத்தேன். அக்கா என்னை விடக் குட்டை.

மேட்டு நெலம், நடக்கற தூரம், பஸ் காசுன்னு அது சொன்னதெல்லாம் நெசந்தான். ஆனா அதெல்லாம் அப்பாவுக்கு. மாவிலையும் அப்பாவுக்கு. எனக்குன்னு அது பாத்தது ஒண்ணே ஒண்ணு, என்னை யாரும் கேள்வி கேக்காத ஒரு கெணத்தடி. அதத் தேடி ஒரு டவுன் பூரா மழையில நடந்திருக்கு. நடந்துட்டு வந்து, ஏமாந்தவங்கற பட்டத்தத் தானே வாங்கித் தலையில வெச்சுக்கிச்சு. அப்பா கடைசி வரைக்கும் நம்பிட்டே போயிட்டாரு. இப்ப மேல ரெண்டு பேரும் பேசித் தீத்திருப்பாங்க.

அதுக்கப்புறம்தான் அக்கா கல்யாணம் பண்ணிக்கிச்சு. மாமா செமாபோக்குக்காரரு, தங்கமானவரு. அவர எப்படிப் புடிச்சுதுன்னு எங்களக் கேக்காதீங்க. மழையில நிக்க வெச்சுப் பாத்திருக்கும். ஒரு மகன், ஒரு மக. எம் மகளுக்கும் தனக்குப் பொறந்ததுக்கும் அக்கா ஒரு நாளும் வித்தியாசம் காட்டல, அடியிலகூட. நாளாக நாளாக வாடகை வீடு சொந்த வீடாச்சு. மகன் செங்குங்கற எடத்துல வீடு வாங்கப் போறேன்னு படத்தக் கொண்டாந்து காட்டுனப்ப அக்காவுக்கு நடக்கவே முடியல. “மழ பேயறப்பக் கூட்டிட்டுப் போ”ன்னுச்சு. காருக்குள்ளயே உக்காந்து கண்ணாடி வழியா ரொம்ப நேரம் சாக்கடையப் பாத்துட்டு, “வாங்கு”ன்னுச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டுல தண்ணி ஏறல.

கடைசி ஒரு வாரம் அக்காவுக்குப் பேச்சு வரல. எனக்குப் பதிலாத்தான் அத்தன வருசம் பேசியிருக்கே, இனி நான் பேசறேன்னு பக்கத்துல உக்காந்து பேசுனேன், தமிழ் பாதி, மலாய் பாதி. கேட்டுக்கிட்டேதான் போச்சு. அப்பவும் மூஞ்சி அசையல.

ராத்திரி பகல்னு பாக்காம காலப் புடிச்சு விட்ட மக்சிக்கோட மகளுக்கும், பாடைக்குத் தோள் குடுத்த எங்க தெருப் பையங்களுக்கும், காப்பி போட்டுப் போட்டுக் கை வலிச்ச செமாபோக்குல இருக்கிற மாமா வீட்டு மருமகளுங்களுக்கும், ஆசுபத்திரியில அக்காவப் பாட்டின்னு கூப்புட்டு ஊசி போட்ட புள்ளைங்களுக்கும், வந்தவங்களுக்கும், வர முடியாம வீட்டுலயே அழுதவங்களுக்கும் எங்க குடும்பம் கையெடுத்துக் கும்புடுது. மக்சிக் இல்ல. இருந்திருந்தா அவங்களுக்கு இந்தப் பக்கத்த மலாய்ல படிச்சுச் சொல்லியிருப்பேன்.

துக்கம் நடந்த வீடுன்னு ஒரு வருசமா எங்க வாசல் மொட்டையாக் கெடக்குது. திதி முடிஞ்சு நாளைக்குக் காலையில மாவிலை கட்டறோம், மக்சிக் வீட்டு மரத்துலேருந்துதான். வீடு தேடிக்கிட்டு எவளாவது வயித்துப் புள்ளையோட அந்தப் பக்கம் வந்தா, மாவிலையப் பாத்து ஏமாந்து உள்ள வரட்டும். நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். அம்மி அரைக்கத் தெரியுமான்னு மட்டும் கேப்பேன்.