நோவில்லாத நாளில் ஆஸ்பத்திரி

தென்காசிக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, இங்கே யாரும் என்னை எடை பார்க்காததுதான். பினாங்கில் வயிறு வெளியே தெரியுமுன்பே மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்விடுவோம். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் தராசில் ஏற்றுவார், கையில் பட்டை சுற்றி ரத்தக் கொதிப்புப் பார்ப்பார், கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி வீக்கம் பார்ப்பார். காலையில் பிடித்த சிறுநீரைப் போத்தலில் கொடுத்துவிட்டு வருவோம். அது கடைக்குப் போய்வருவது போல ஒரு வேலை. என் கணவர் பினாங்குக் கடையை விட்டுவிட்டு ஊரோடு திரும்பினார். கப்பலிலும் ரயிலிலுமாக நான் வந்து இறங்கியபோது எனக்கு நான்கு மாதம்.

மாமியாரிடம் ஒரு காலிப் போத்தல் கேட்டேன்.

"எதுக்குட்டி? மருந்து வாங்கவா?"

"ஆஸ்பத்திரியில் சோதிக்க, மாமி."

"ஒனக்கு என்ன செய்யுது?"

"ஒன்றும் செய்யவில்லை."

"ஒண்ணும் செய்யலன்னா ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போவுதே? நோவு வந்தா கூட்டிட்டுப் போவோம்லா."

கோபமாகச் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னார். புது மருமகள், வாயை மூடிக்கொண்டேன். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த என் நாத்தனார் ஜொகராவுக்கு அப்போது எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. அவள் முகம் நாளுக்கு நாள் பூரித்தது. வருகிற பெண்களெல்லாம் ஆண்பிள்ளைதான் என்றார்கள். ஒருநாள் அவளுக்குக் கால்பிடித்துவிட்டபோது என் விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. மிஸ்ஸியின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. அதன் பிறகும் இரண்டு வாரம் நான் பேசவில்லை.

சாரல் தொடங்கியது. வெயிலும் தூறலும் ஒன்றாக இறங்கும் ஒரு காலையில் வில்வண்டி கட்டிக் குற்றாலம் போனோம். மாமியார் அருவிக்குப் போக, நானும் ஜொகராவும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒருத்தி கூடையில் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தாள். கடலுக்கு அந்தப்பக்கம் விட்டுவந்த மங்கீஸ் பழம் இந்த மலையடியில் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தோலை அமுக்கித் திறந்து வெள்ளைச் சுளையை வாயில் வைத்தேன். அருவியின் இரைச்சல் மழைக்கால பினாங்குத் தெருவின் இரைச்சலாக மாறிக்கொண்டிருந்தது. ஈரக்காற்று, புகைபோல மலை, கண் சொருகும் சுகம். அந்த அரைமயக்கத்தில்தான் ஜொகராவின் குரல் கேட்டது.

"மைனி, அருவித் தண்ணி இவ்வளவு தூரம் தெறிக்குதே. கண்ணு முன்னால வெள்ளி வெள்ளியாப் பறக்குது."

வண்டிக்குள் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"தலை வலிக்கிறதா?"

"ரெண்டு நாளா வலிக்குது. அம்மாட்ட சொல்லல."

ஈரத் தலையோடு திரும்பிய மாமியாரின் கையைப் பிடித்தேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் என்னையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரிடம், "அண்ணாச்சி, தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க" என்றார்.

டாக்டரம்மா ஜொகராவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். தெளிந்திருந்த நீர் கொதித்ததும் திரிந்த பாலாக வெளுத்தது. "ரத்தக் கொதிப்பும் ஏறிக் கிடக்கு. இப்பவே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க. கொஞ்சம் முன்னால வந்திருக்கக் கூடாதா?" என்றார். மாமியார் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாளையங்கோட்டையில் வலிப்பு வராமலிருக்க இருட்டறையில் படுக்கவைத்து, நான்காம் நாள் பிள்ளையை எடுத்தார்கள். ஆண்பிள்ளை. ஒரு பகல் இருந்தான். ஜொகரா பிழைத்தாள். வீட்டுக்கு வந்தபின் அந்த இரண்டு வாரத்தை அவளிடம் சொல்லி அழுதேன். அவள், "நீங்க கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் மைனி" என்றாள். அது என்னை மன்னித்ததா, ஆற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் மாமியாரே கழுவிய போத்தலோடு வந்து நின்றார். மாதாமாதம் அதைத் துப்பட்டிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு என்னுடன் நடந்தார். குழாய் கொதிக்கும்போது அவர் உதடுகள் ஓதிக்கொண்டே இருக்கும். தெளிந்தே இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் பெஞ்சில் உட்காருவார்.

எனக்கு நோவு வந்தது ஒரு முற்பகலில். பினாங்குச் சந்தில் மலாய்ப் பிள்ளைகளோடு விழுந்து எழுந்து வளர்ந்தவள் நான். முழங்கால் தேய்ந்தாலும் எங்கள் வாயில் வருவது "சாக்கிட்"தான். வலிக்கிறது என்று பொருள். அன்றும் அதுவே வந்தது. சாக்கிட், சாக்கிட் என்று அரற்றினேன். மாமியாருக்கு அது வேறாகக் கேட்டது.

"சாவேன்னு சொல்லாதட்டி. சாவ மாட்டே. நான் இங்கன இருக்கேன்லா."

நான் திருத்தவில்லை. அடுத்த வலி ஏறியது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மலாயில் அலறினேன். அவர் ஒவ்வொரு முறையும் தென்காசித் தமிழில், சாவ மாட்டே, சாவ மாட்டே என்று பதில் சொல்லிக்கொண்டேயிருந்தார்.