வேல்ஸ் போக என் போட்டோ மட்டும்

அப்பாவின் பூட்டனார் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வேல்ஸ் நாட்டு வெள்ளைக்காரத் துரை. அந்தத் துரையின் ஊரை விடுமுறையில் குடும்பமாகப் போய்ப் பார்த்துவரலாம் என்று அம்மாவின் அண்ணன், என் மாமா, திட்டம் போடுகிறார்.

இன்று விசா போட்டோ எடுக்க யட்டியாந்தோட்டை டவுனுக்குப் போனோம். அம்மா எனக்குச் சேலை கட்டிவிட்டார். மாமா மல்லிகைப்பூ வாங்கி வந்தார்.

"விசாவுக்கு எதுக்கு மாமா பூ?"

"அங்க உள்ள சொந்தக்காரங்களும் பாப்பாங்கல்ல. வச்சிக்கம்மா."

என்னை நிற்கவைத்துத் தலை முதல் கால் வரை எடுத்தார்கள்.

"இப்ப நீங்க வாங்கப்பா," என்றேன்.

"எங்களுக்குப் பொறகு எடுத்துக்கலாம்," என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "புள்ளைக்குச் சமைக்கத் தெரியுமில்ல?"

"ஓ லெவல் பரீட்ச முடியட்டும்ணே."

"அங்க உள்ளவங்களே படிக்க வைப்பாங்க."

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மாவின் போனில் ஒளிந்து எழுதுகிறேன். விடிவதற்குள் அழித்துவிடுவேன், அதற்குள் இதைப் படிப்பவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவளுக்குச் சமைக்கத் தெரிய வேண்டும் என்று எந்த நாட்டு விசாவில் கேட்கிறார்கள்?