பாதி வரைந்த சோளக்கொல்லைப் பொம்மை

சட்டையின் இடக்கையை நான் போடவில்லை என்பதை என் மகன்தான் முதலில் கண்டான். வலக்கை நுழைந்திருந்தது, மறுபாதி முதுகில் தொங்கியது. முழுதாக உடுத்திக்கொண்ட நினைப்பில் நான் காபி கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மதியம் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சக்கரப் படுக்கையில் கிடந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செப்டம்பர் மாதம்.

வலப்பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. பக்கவாதம். இரண்டு வாரத்தில் தடியூன்றி நடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இடப்புறக் கவனமின்மை (கண்ணில் பழுதில்லை; இடப்பக்கம் இருப்பதை மூளை கணக்கில் எடுக்காது). இடக்கை கொஞ்சம் சோம்பும் என்கிறார் போலும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். நான் ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர். விளக்கம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மகன் காலை ரயிலில் மன்ஹாட்டன் போய்விடுவான். பகலில் என்னைப் பார்த்துக்கொண்டவள் மருமகள் மஞ்சு. கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு வர அவள் பெற்றோர் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

என் குறை சாப்பாட்டில் தொடங்கியது. தட்டில் வெறும் சாம்பார் சாதமும் அப்பளமும்தான் தெரிந்தன. காயில்லை, ஊறுகாயில்லை. தினமும் இப்படியே.

"ஏம்மா, கடையில காய் கிடைக்கலையா? இல்ல, எனக்கு மட்டும் கிடைக்கலையா?"

"தட்டுல இருக்கறதைச் சாப்பிடுங்க மாமா, ஜோக் அடிக்காம."

நோயாளிக்கு ரோஷம் அதிகம். எனக்கு வேறு வேலையும் இல்லை. இவளை அழவைக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்த இடத்திலேயே கறுவினேன்.

வாரம் இருமுறை ஒரு தெரபிஸ்ட் (கை, கண், அன்றாட வேலைகளை மீண்டும் பழக்குபவர்) வீட்டுக்கு வருவார். அமெரிக்கப் பெண்மணி. ஒரு ஸ்கெட்ச் புத்தகம் தந்து, இலையுதிர் காலத்துக்கு ஏற்ற எளிய படங்களாக ஒரு பட்டியலும் தந்தார். மேப்பிள் இலை, பூசணிக்காய், ஓக் கொட்டை, இலை உதிர்ந்த மரம், ஆவி பறக்கும் கோப்பை, சோளக்கொல்லைப் பொம்மை. நாளுக்கு ஒன்று. அழகு வேண்டாம், முழுமை போதும் என்றார்.

ஐந்து நாள் ஒழுங்காக வரைந்தேன். ஆறாம் நாள் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மஞ்சுவின் நீல ஜாக்கெட்டை மாட்டினேன். அவள் பின்னலைப் போட்டேன், கன்னத்து மச்சத்தை வைத்தேன், கையில் வெறுந்தட்டைக் கொடுத்தேன். மருத்துவமனையிலிருந்து வந்தபின் நான் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அது. தாளைக் கிழித்து, 'தங்கள் மகள் எனக்கு இடும் சோறு இவ்வளவுதான்' என்று ஒரு கடிதமும் சேர்த்து, அவள் அப்பாவுக்கு அனுப்பினேன். தபால்பெட்டி வரை தடியூன்றி நானே நடந்தேன்.

கடிதம் போட்ட நான்காம் நாள், விடுமுறை முடிந்து தெரபிஸ்ட் வந்தார். மேப்பிள் இலையைப் பார்த்தார், புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி என்முன் வைத்தார். ஐந்து முனை இலைக்கு நான் போட்டிருந்தது இரண்டரை முனை. பூசணி பாதி. மரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் கிளை. மீதித் தாள் வெள்ளை. அந்த வெள்ளையை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அன்று மதியம் தட்டைத் திருப்பினேன். உப்பு, ஊறுகாய், அவரைக்காய்ப் பொரியல், கூட்டு. எல்லாம் அதுவரை இடப்பக்கம் இருந்தவை. கல்யாணமான புதிதில், இடப்பக்கம்தான் பரிமாற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

என் போன்ற நோயாளி உங்கள் வீட்டில் தட்டில் பாதியை மிச்சம் வைத்தால், பசியில்லை என்று எடுத்துவிடாதீர்கள். தட்டைத் திருப்பி வையுங்கள்.

கோபியிலிருக்கும் சம்பந்திக்கு ஒரு போன் போட்டு, கடிதத்தைப் பிரிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் பாதி. மறுபாதி, அது போய்ச் சேரட்டும் என்ற ஆசை. அவளிடம் குற்றமில்லை என்று தெரிந்த பிறகும், மூட்டிய பகை தானாக அவியவில்லை. இதைத்தான் நான் எழுத வந்தேன். நோய் என் கவனத்தைத்தான் பறித்தது. இதைச் செய்தது நோயல்ல.

ஒரு ஞாயிறன்று அவள் அப்பா கூப்பிட்டார்.

"சம்பந்தி, புள்ளைய நாந்தானுங்க சரியா வளக்கல. மன்னிச்சுக்குங்க."

"இருக்கட்டும் சம்பந்தி. சின்னப் பொண்ணுதானே" என்றேன். நான் செய்தவற்றில் மிகக் கேவலமானது அந்தப் பெருந்தன்மைதான்.

இரண்டு நாள் கழித்து மஞ்சு கையில் போனுடன் வந்து நின்றாள்.

"அப்பா டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டாருங்க மாமா. எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுங்கறார். நான் உங்களுக்குப் பாதிச் சோறு போடறனாம். படம் வேற போட்டு அனுப்பிச்சீங்களாமா?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"காய் அங்கதான் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"லெட்டர் போட்ட நாலாம் நாள்."

"லெட்டர் போய்ச் சேர?"

"பன்னெண்டு நாள்."

விரல் விட்டு எண்ணினாள். "எட்டு நாளு. எட்டு நாளு என் கையால சாப்பிட்டுட்டு சும்மா இருந்தீங்க."

எண்களை அவளே அழுத்திப் போனை என் கையில் வைத்தாள். மாடியில் இருந்த இன்னொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்:

"சுகமில்லாம நெனச்சதுக்குத் தப்பில்லீங்க. தெரிஞ்சதுக்கு அப்புறமும் வுட்டீங்களே..."

மஞ்சுவின் அம்மா மட்டும் பிரசவத்துக்கு வந்தார். சம்பந்தி வரவில்லை. பேத்தியை அவர் முதன்முதலாகப் பார்த்தது கோபியில், அவளுடைய மூன்றாவது வயதில்.

வசந்தத்துக்குள் கை தேறிவிட்டது. கவனம் முழுதாகத் தேறவில்லை. என்னை இடப்பக்கமிருந்தே அணுகும்படி தெரபிஸ்ட் வீட்டாருக்குச் சொல்லியிருந்தார். தேடித் தேடித்தான் மூளை பழகுமாம். மகன் சில மாதத்தில் மறந்துவிட்டான். மஞ்சு மறக்கவில்லை. ஆறு வருடமாக காபியும் மாத்திரையும் எனக்கு இடப்பக்கம்தான் வருகின்றன. அவள் உட்காருவதும் அந்தப் பக்கமே.

போன மாதம் கேட்டுவிட்டேன். "இது வைத்தியமாம்மா, இல்ல பழியா?"

"ரெண்டுந்தானுங்க மாமா."

மற்றவர்களுக்கு அறை ஒரே நொடியில் தெரிந்துவிடும். எனக்கு முதலில் வலப்பாதி, பிறகு நான் தேடினால் இடப்பாதி. நடுவில் உள்ள அந்தச் சில நொடிகளில் அவள் இருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவளும் குரல் கொடுப்பதில்லை. கழுத்தை மெல்லத் திருப்புகிறேன்.